கெட்டிக்காரப் பள்ளிக்கூடம்

பரீட்சைக்குப் படிப்பிக்க வேண்டாம் என்று சொல்லுகிற அதிபரை மரியரஞ்சனி ரீச்சர் நோர்வேக்கு வந்துதான் கண்டார். அவர் வேலை பார்ப்பது ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், ஸ்டோவ்னருக்கும் அப்பால் பஸ் பிடித்துப் போகவேண்டிய ஒரு சின்ன அரசாங்கப் பள்ளிக்கூடத்தில். ஒவ்வோர் இலையுதிர்காலமும் அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியில் ஒரு தேசியத் தேர்வு வரும். அதற்கு முன்னர் அதிபர் டானியல், நோர்வேயில் ரெக்டர் என்பார்கள், ஆசிரியர்களைக் கூப்பிட்டு, "ஆயத்தம் ஒன்றும் வேண்டாம். பிள்ளைகள் சும்மா வந்து எழுதட்டும். யாருக்கு என்ன உதவி தேவை என்று பார்க்கத்தானே இது" என்பார். நல்ல மனுசன். கொட்டுகிற பனியிலும் சைக்கிளில் வருகிற ஆள். ரீச்சர் தலையாட்டுவார், நம்ப மாட்டார். கலியாணக் கார்டில் "பரிசுப் பொருட்களைத் தவிர்க்கவும்" என்று அடிப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு பேச்சு இது என்று எடுத்துக்கொண்டார். அடித்தார்கள் என்பதற்காக யார் வெறுங்கையோடு போகிறார்கள்?

ஐந்தாம் வகுப்பு என்றால் ரீச்சருக்கு ஒரே அர்த்தம்தான், இலங்கையில் அந்த வகுப்பில் வருகிற புலமைப்பரிசில் பரீட்சை. நாட்டை விட்டு வெளிக்கிட முன்னர் யாழ்ப்பாணத்தில் கொஞ்சக் காலம் அந்த வகுப்புக்குப் படிப்பித்தவர். பழைய வினாத்தாள்களைத் திருப்பித் திருப்பிச் செய்விக்காமல் ஒரு பிள்ளையைப் பரீட்சைக்கு விடுவது அவருக்குப் பாவச்செயல். ஆகவே புதன்கிழமைகளில் பள்ளி விட்ட பிறகு தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்து இருத்தினார். பெயருக்கு அது வீட்டுப்பாட உதவி. உள்ளே நடந்தது வேறு.

"கேள்வியிலை இருக்கிற பெரிய சொல்லைப் பாருங்கோ. அந்தச் சொல் பந்தியிலை எங்கை இருக்கெண்டு தேடுங்கோ. அதுக்குப் பக்கத்திலை என்ன இருக்கோ, அது இருக்கிற விடையை அமத்துங்கோ. கன நேரம் யோசிக்கக் கூடாது."

பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. கேள்விப்பட்டு சோமாலியத் தாய்மாரும் ஒரு போலந்துக்காரத் தகப்பனும் தங்கள் பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டார்கள். கடைசியில் ஐந்தாம் வகுப்பு முழுதும் புதன்கிழமை ரீச்சரிடம்தான் குந்தியிருந்தது.

முடிவுகள் வந்தன. வருடக்கணக்காக அந்தப் பகுதியில் கடைசியாய்க் கிடந்த பள்ளிக்கூடம் ஒரே பாய்ச்சலில் நடுவுக்கு மேலே ஏறி நின்றது. டானியல் கேக் வாங்கி வந்து ஆசிரியர் அறையில் வெட்டினார். தமிழ்ப் பெற்றோர் ஒருவர் மாறி ஒருவர் ரீச்சருக்குப் போன் எடுத்தார்கள். ரீச்சருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். எவ்வளவோ நாட்களுக்குப் பிறகு அவருடைய போன் ஒரு பின்னேரம் முழுதும் அடித்துக்கொண்டிருந்தது.

அதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ரீச்சருக்கு வயது அறுபத்திரண்டு. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சேந்தன் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் வேலை, ஞாயிறு தவறாமல் போன் எடுப்பான், "சாப்பிட்டீங்களா அம்மா" என்பான், அதற்குப் பிறகு இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது. ஸ்டோவ்னரில் உயரமான ஒரு கட்டடத்தில் ரீச்சருடைய வீடு. வெள்ளி பின்னேரம் பள்ளியை விட்டு வந்தால் திங்கள் காலை வரை வாய் திறக்க ஒரு தேவையும் கிடையாது. சில திங்கட்கிழமைகளில் முதல் பிள்ளைக்கு வணக்கம் சொல்லும்போது அவருடைய குரல் கரகரக்கும். ஓய்வூதியம் எடுக்கலாம், காசுக்குக் குறைவில்லை. ஆனால் ஓய்வூதியம் எடுத்தால் திங்கள் காலை என்று ஒன்று வராதே. அந்தப் பயம்தான் அவரை வேலையில் வைத்திருந்தது.

அவருடைய வேலை, தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் விளங்கப்படுத்தி நோர்வீஜியத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பது. நிரந்தர வேலை இல்லை, வருடாவருடம் நீட்டுவார்கள். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதை ரீச்சர் ஒருநாளும் கேட்டதில்லை. பெப்ரவரியில் டானியல் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியபோதுதான் தெரியவந்தது.

"மரியா," என்றார் டானியல். முழுப் பெயர் அவருடைய வாயில் ஒருநாளும் நுழைந்ததில்லை. "நாங்கள் அளவுக்கு மீறி நன்றாகச் செய்துவிட்டோம்."

விசயம் இதுதான். நகரசபை பள்ளிக்கூடங்களுக்குக் காசு பிரிக்கும்போது தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள், எவ்வளவு உழைக்கிறார்கள், வீட்டில் என்ன பாசை, எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிறது. அதற்கு மேலே, பின்தங்கிய பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு விசேட உதவியும் உண்டு. ரீச்சருடைய சம்பளம் அதிலிருந்துதான் வந்தது. பின்தங்கியவர்கள் முன்னுக்கு வந்துவிட்டால் உதவி இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போகும். அதில் ஓர் அநியாயமும் இல்லை.

தலைகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டு வந்தது. ரெக்டரின் அறைக்கு வெளியே ஆண்டுவாரியாகப் பள்ளிப் படங்கள் தொங்குகின்றன. பழைய படங்களில் எல்லாம் மஞ்சள் தலைகள், இடையிடையே ஒரு கறுப்புத் தலை. வரவர அது அப்படியே மாறி, இப்போது மஞ்சள் தலையைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதலில் நோர்வீஜியர் கிளம்பினார்கள். பிறகு எங்கள் ஆட்கள். நாலு காசு சேர்ந்ததும் ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மனிலோ லில்லெஸ்ட்ரோமிலோ வீடு வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், "இஞ்சை வெளிநாட்டுக்காரர் கூடிப்போச்சு" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்லுவார்கள்.

"ஒரு வழி இருக்கிறது," என்றார் டானியல். "தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர், எங்கள் பிள்ளைக்கு உதவி தேவை என்று கேட்கட்டும். நாங்கள் பிள்ளைகளைத் திரும்பச் சோதித்துப் பார்ப்போம். தேவை இருப்பது தெரிந்தால் உங்களுக்காக நான் மேலே போய்ச் சண்டை பிடிக்கலாம்."

அப்போது ரீச்சருக்கு உடனே நினைவுக்கு வந்தது துஷாரா.

துஷாரா கெட்டிக்காரப் பிள்ளை. தேர்வில் வகுப்பின் முதல் வரிசைக்கு வந்தவள். ஜனவரியில் ஒருநாள் நூலகத்தில் ஒரு கரடிக் கதைப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார் ரீச்சர். பிள்ளை மளமளவென்று வாசித்தாள். கரடி மீன் பிடித்தது, மீன் கரடியோடு கதைத்தது, இருவரும் படகில் ஏறிப் போனார்கள். ரீச்சர் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் மீனே இல்லை. படத்தில் மட்டும் ஒரு படகு இருந்தது. ரீச்சர் வேறு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். அதிலும் அதே கூத்து. படத்தைப் பார்த்துக் கதை கட்டுகிறாள் பிள்ளை, அதுவும் எழுதினவரை விட நன்றாக. ஆனால் வாசிக்கத் தெரியாது. கேள்வியில் இருக்கிற சொல்லின் வடிவத்தைப் பந்தியில் கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பதை அமத்தத்தான் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று ரீச்சருக்குத் தெரியும்.

பள்ளியில் வாசிப்புக்கென்றே படித்த நோர்வீஜிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கிழமையில் கொஞ்ச நேரம்தான் அவருக்கு ஒதுக்கியிருக்கிறது. தேர்வில் கோட்டுக்குக் கீழே விழுந்த பிள்ளைகளை மட்டும் அவர் எடுப்பார். துஷாரா கோட்டுக்கு வெகு மேலே நின்றாள்.

ரீச்சர் வீடு வீடாகக் கிளம்பினார். உங்கள் பிள்ளை கெட்டிக்காரி, உங்கள் பிள்ளை கெட்டிக்காரன் என்று வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்த அதே வாயால் இப்போது வேறு கதை சொல்ல வேண்டும்.

முதலில் மகேந்திரராசா வீடு. மகள் மிதுனா ஐந்தாம் வகுப்பு. மனைவி சிறிதேவி தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்து உபசரித்தார். வீட்டில் பாதிச் சாமான் பெட்டியில் கட்டிக் கிடந்தது. கோடையில் ஸ்ட்ரோம்மனுக்குப் போகிறார்களாம்.

"உதவியோ? எங்கட மிதுனாவுக்கோ?" சிறிதேவி சிரித்தார். "நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள், நோர்ஸ்க் பாசையை வெள்ளைப் பிள்ளையளை விட நல்லாக் கதைக்கிறாள் எண்டு."

"கதைக்கிறாள்தான் சிறிதேவி. வாசிச்சு விளங்கிறதிலை கொஞ்சம்..."

"ரீச்சர்," என்றார் மகேந்திரராசா, மெதுவாக. "புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகேக்கை, இது உதவி எடுத்த பிள்ளை எண்டு பேர் போகக் கூடாது. குறை நினையாதேங்கோ."

அடுத்தது தமிழ்நாட்டுக் குடும்பம். கிரிதர் கம்ப்யூட்டர் வேலை, மனைவி இந்துஜா ஆராய்ச்சி. வந்து ஒரு வருடம்தான். மற்ற எவரையும் விட அவர்களுடைய மகளுக்குத்தான் உதவி தேவை, ஆகவே ரீச்சர் நம்பிக்கையோடு போனார்.

"அடுத்த வருஷம் இன்டர்நேஷனல் ஸ்கூல்ல போடறோம் டீச்சர்," என்றார் கிரிதர். "அதனால இப்போதைக்கு வேண்டாம்னு பார்க்கறோம்."

இந்துஜா தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நீங்க பேசற தமிழ் அவளுக்குப் பாதி புரியலையாம். அதுக்கு நார்வீஜியனே ஈஸியா இருக்காம்" என்றாள்.

ரீச்சர் சிரித்துவிட்டுத்தான் வந்தார். பஸ் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் அது சுட்டது. முப்பது வருடமாக இந்தத் தமிழைத்தானே சோறாக்கித் தின்றிருக்கிறார்.

தங்கேஸ்வரியிடம் கடைசியாகப் போனார். துஷாராவின் தாய். தனியாள். வெள்ளன வெளிக்கிட்டு ரொட்டி சுடுகிற ஒரு வெதுப்பகத்தில் வேலை, பின்னேரம் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவாள். புருசன் விட்டுவிட்டுப் போன பிறகு சனங்கள் அவளைக் கொஞ்சம் தள்ளித்தான் வைத்திருந்தார்கள். மகளின் புள்ளிகள் வந்த பிறகுதான் கோயிலில் நாலு பேர் அவளைத் தேடி வந்து கதைத்தார்கள். அது ரீச்சருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, துஷாராவுக்கு வாசிக்கத் தெரியாது."

தங்கேஸ்வரி விளங்காதவள் போலப் பார்த்தாள். ரீச்சர் கரடிக் கதையைச் சொன்னார். திரும்பச் சோதிக்க வேண்டும், அதற்குத் தாயின் சம்மதம் வேண்டும் என்றார். தங்கேஸ்வரியின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ரீச்சர், சிறிதேவியக்கா போன் எடுத்தவ. உங்கட வேலை போகப்போகுதாமே?"

"ஓம். அது வேறை..."

"என்ன வேறை? உங்கட வேலைக்காக என்ர பிள்ளையை மொக்கு எண்டு எழுதிக் குடுக்கச் சொல்லுறியளோ? எனக்கு இருக்கிறது அவள் ஒண்டுதான். அவளுக்கு இருக்கிறது அந்தப் புள்ளி ஒண்டுதான். போங்கோ ரீச்சர். தயவுசெய்து போங்கோ."

ரீச்சர் போனார். வேறென்ன செய்வது? அவள் சொன்னது பொய் என்று மனதாரச் சொல்ல முடியவில்லை. துஷாராவுக்காகத்தான் அந்த வாசலுக்குப் போனார். தனக்காகவும்தான் போனார். எது முதலில் போனது என்று அவருக்கே தெரியவில்லை.

கதை கால் முளைத்துப் பரவியது. வேலையைக் காப்பாற்ற ரீச்சர் பிள்ளைகளுக்குக் குறை சொல்லித் திரிகிறாராம். காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார் அவரைக் கண்டதும் போனைப் பார்த்தார்கள். ஸ்டோவ்னர் சென்டரில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற ஒருத்தி, அவர் வருவதைக் கண்டு மற்றப் பக்கத்து அலுமாரிக்கு மாறினாள். ரீச்சர் கத்தரிக்காய் வாங்காமலே வீட்டுக்குப் போனார். அந்த ஞாயிறு சேந்தன் போன் எடுத்து, "சாப்பிட்டீங்களா அம்மா" என்றபோது, ஓம் என்று பொய் சொன்னார். இன்னும் கொஞ்சம் கேட்பானா என்று காத்திருந்தார். அவன் அங்கே மழை பெய்கிறது என்றான்.

துஷாரா மட்டும் வழமைபோல வந்து ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாய் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியாது. புதுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, இல்லாத கதைகளை வாசித்துக் காட்டினாள். அடுத்த வருடம் பாடங்கள் பெருக்கும், படங்கள் குறையும். பிறகு இந்தப் பிள்ளை எதைப் பார்த்துக் கதை கட்டுவாள்?

மார்ச்சில் டானியல் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை மனுசனின் முகம் மலர்ந்திருந்தது.

"மரியா, அங்கே இங்கே சுரண்டிப் பார்த்தேன். கிழமைக்கு இரண்டு நாள் உங்களுக்குத் தரலாம். முழு வேலை இல்லை. ஆனாலும் நீங்கள் இங்கேயே இருக்கலாம்."

இரண்டு நாள். திங்களும் புதனும் என்று வைத்துக்கொண்டால்கூட அது ஒரு வாழ்க்கைதான். ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தவர் கேட்டார்:

"இந்த இரண்டு நாளையும் எனக்குத் தராவிட்டால் வேறு எதற்குப் பாவிப்பீர்கள்?"

"வாசிப்பு ஆசிரியைக்குக் கொடுத்திருப்பேன். அவரிடம் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்."

ரீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பிள்ளைகள் சறுக்கி விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு நாளை வாங்கிக்கொண்டு தங்கேஸ்வரியின் வாசலில் போய் என்ன சொன்னாலும் அது வேலையைக் காப்பாற்றப் பேசுகிற பேச்சாகத்தான் இருக்கும்.

"அவருக்கே கொடுங்கள்," என்றார். "நான் ஜூனோடு வேலையை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். துஷாராவின் தாய் சம்மதித்தால், அவளை உடனே எடுக்க வேண்டும். கோடைக்குப் பிறகு என்று சொல்லக் கூடாது."

டானியல் ஏனென்று கேட்டார். ரீச்சர் சொன்னார், புதன்கிழமை வகுப்பு உட்பட. அவர் கோபிப்பார் என்று ரீச்சர் எதிர்பார்த்தார். மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் ஏன் ஆயத்தம் வேண்டாம் என்று சொல்கிறேன் என்பதை உங்களுக்கு ஒழுங்காக விளங்கப்படுத்தவே இல்லை" என்றார். அதைக் கேட்டபோதுதான் ரீச்சருக்கு அழுகை வந்தது.

தங்கேஸ்வரி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உள்ளை வரேல்லைப் பிள்ளை. ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். நான் ஜூனோடை வேலையை விடுறன். ரெண்டு நாள் தரப் பார்த்தினம், அதையும் வேண்டாம் எண்டிட்டன். நீர் நம்பாட்டி ரெக்டரைக் கேளும். துஷாராவுக்குச் சொல்லிக்குடுக்கப் போறது நானில்லை, ஒரு நோர்ஸ்க் ரீச்சர். இப்ப சொல்லுறன், கேளும். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது."

தங்கேஸ்வரி கதவைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு வழிவிட்டாள்.

மேசையில் பால் பெட்டி ஒன்று இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த துஷாராவிடம் அதைத் தள்ளி, "இதிலை என்ன எழுதியிருக்கு, வாசி பாப்பம்" என்றாள் தாய். பிள்ளை பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒரு மாடும் வேலியும் இருந்தன. நோர்வீஜியத்தில் தயங்காமல் தொடங்கினாள்: "இந்த மாட்டுக்குப் பெயர் ரோசா. ரோசா வேலி தாண்டிப் போகப் பார்த்தாள்..."

தங்கேஸ்வரி பெட்டியை வாங்கினாள். வந்த புதிதில் வகுப்புக்குப் போய்க் கஷ்டப்பட்டுப் படித்த நோர்வீஜியம் அவளுடையது. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக, உதடு அசைய, ஒரு வரியைத் தானே வாசித்தாள். திறந்த பெட்டியைக் குளிரில் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு மகளின் தலையைத் தடவினாள்.

"நல்லாயிருக்கம்மா கதை. நீ போய்க் கை கழுவு."

பிள்ளை போனதும் தாய் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை ரீச்சர் பக்கத்தில் நின்றார்.

"அண்டைக்கு உங்களை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன் ரீச்சர்."

"அண்டைக்கு நீர் சொன்னது முழுப்பொய் இல்லைப் பிள்ளை. பாதி எனக்காகவும்தான் வந்தனான்."

தங்கேஸ்வரி அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்கு வந்து சம்மதித்தாள். கோயிலில் யாருக்கும் சொல்லவில்லை, ரீச்சரும் சொல்லவில்லை. ரீச்சரைப் பற்றிய கதை ஊருக்குள் போனபடியே இருந்தது.

ஏப்ரலில், திரும்பச் சோதித்து முடிந்த கையோடு, துஷாரா வாசிப்பு அறைக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டது ரீச்சர்தான். நோர்வீஜிய ஆசிரியை புன்னகையோடு வரவேற்று, ரீச்சருக்கு நன்றி சொல்லி, கதவைச் சாத்தினார். தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. ரீச்சர் போயிருக்கலாம். போகவில்லை.

உள்ளே கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு துஷாராவின் குரல் வந்தது. கதை கட்டுகிற அந்த மளமளப்பு இல்லை. ஒரு சின்னப் பிள்ளையின் மெல்லிய, பயந்த குரல். ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு சொல். பிழை. திரும்பவும் அதே எழுத்துகள். திரும்பவும் பிழை. பிள்ளை நிறுத்திவிட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற ரீச்சர் சரியான சொல்லைத் தன்னையறியாமல் மெதுவாகச் சொன்னார்.

உள்ளே கேட்கவில்லை. ஆசிரியையும் எடுத்துக் கொடுக்கவில்லை, பொறுமையாகக் காத்திருந்தார். துஷாரா மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள். இந்த முறை தானாகவே வந்து சேர்ந்தாள். அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, பலமாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல ரீச்சருக்கு இருந்தது. கையில் போனை எடுத்தார். அன்று செவ்வாய்க்கிழமை. சேந்தன் வேலையில் இருப்பான். வேறு யாருக்கு எடுக்கலாம் என்று பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாம் பிள்ளைகளின் பெற்றோர். கடைசிப் பெயர் வரைக்கும் போய்விட்டு, போனைப் பைக்குள் வைத்தார். உள்ளே பிள்ளை அடுத்த சொல்லைத் தொடங்கியிருந்தாள்.